சனிக்கிழமை மக்ரோனி

பெயர்: த. ஜெபசீலன். பதவி: தலைமைச் சமையற்காரர் (மேல்நாட்டு உணவு). அடையாளக் குறி: இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு.

கம்பெனி கொடுத்த அடையாள அட்டையில் இருந்த இந்த மூன்று விவரங்களில் பெயரும் தழும்பும் உண்மை. நடுவில் உள்ளதைப் பற்றிச் சொல்வதானால், ஜெபசீலனுக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. ஒருமுறை வைத்துப் பார்த்தார். கொதித்துவிட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்ததால் விரலை விட்டுப் பார்த்தார். கொதித்துவிட்டிருந்தது.

இப்படிப்பட்டவர் எப்படித் தலைமைச் சமையற்காரர் ஆனார் என்றால், அதற்கு இத்தாலிக்காரர்களும் மவுண்ட் ரோடும் காரணம். பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் இருந்த தோல் பதனிடும் கிடங்குகளுக்கு இத்தாலியிலிருந்து மெஷின் தருவித்துக் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி அது. மெஷின் வந்தால் அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட ஆட்களும் கூடவே வருவார்கள். அவர்கள் தங்குவதற்காகக் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பழைய பங்களாவைப் பிடித்து, விருந்தினர் இல்லம் என்று பலகை மாட்டினார்கள். மவுண்ட் ரோட்டில் இருந்த தலைமை அலுவலகம் அந்த இல்லத்துக்கு மூன்று பேரை அனுமதித்தது: ஒரு சமையற்காரர், ஒரு தோட்டக்காரர், ஒரு காவலாளி. இல்லத்துக்குத் தேவைப்பட்டதோ ஒரு குமாஸ்தா, ஒரு சமையற்காரர், ஒரு காவலாளி.

மேனேஜர் விவரமானவர். தலைமை அலுவலகத்தோடு கடிதப் போர் நடத்துவதைவிட நாற்காலிகளை மாற்றிப் போடுவது சுலபம் என்று கண்டுகொண்டார். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்த ஜெபசீலன் சமையற்காரர் ஆனார். பரங்கிமலைப் பக்கம் பெரிய வீடுகளில் சமைத்துப் பேர் வாங்கியிருந்த சவுரிமுத்து தோட்டக்காரர் ஆனார். காவலாளி மட்டும் காவலாளியாகவே நியமிக்கப்பட்டார். ஆனால் அவர் எந்நேரமும் தூங்கிக்கொண்டிருந்ததால் அதையும் சரியான விவரம் என்று சொல்லிவிட முடியாது.

"ஆறு மாசத்துல சரி பண்ணிடலாம் மிஸ்டர் ஜெபசீலன்" என்றார் மேனேஜர். அவர் இதைச் சொன்னது 1974-ல். இத்தாலிக்காரர்கள் ஊருக்குள் ஓட்டல்களிலேயே தங்கத் தொடங்கி, இல்லம் இழுத்து மூடப்பட்டது 1991-ல். அதுவரை அந்த ஆறு மாதம் முடியவில்லை.

ஜெபசீலன் அங்கே செய்த வேலை கடிதம் அடிப்பது, டிரங்க் கால் பதிவு செய்வது, மீனம்பாக்கத்துக்குக் கார் அனுப்புவது. அதோடு மேனேஜருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அன்றைய இரவுச் சாப்பாட்டின் பெயர் தினமும் இங்கிலீஷில் அழகாக டைப் அடிக்கப்பட்டு மேஜைமேல் நிற்க வேண்டும். ஆகவே ஜெபசீலனும் சமையலில் சம்பந்தப்படாதவர் அல்ல. சாப்பாட்டுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான்.

சனிக்கிழமைகளில் இத்தாலிக்காரர்கள் மகாபலிபுரம் போய் வெயிலில் நன்றாக வெந்து, பொழுது சாய்கிற நேரத்தில் அகோரப் பசியோடு திரும்பி வருவார்கள். அவர்கள் குளித்துவிட்டு வருவதற்குள் மேஜையில் சாப்பாடு இருக்க வேண்டும். அதற்கென்று சவுரிமுத்துவிடம் ஒரு சங்கதி இருந்தது. கொத்துக்கறி, கீரை, வெள்ளையாகக் கெட்டியாக ஒரு சாஸ், அதில் குட்டிக் குழாய் மாதிரி மக்ரோனி. அரை மணியில் ஆகிவிடும். ஜெபசீலன் அதற்கு 'மக்ரோனி வித் மீட் அண்ட் ஸ்பினாச் இன் க்ரீம்' என்று டைப் அடிப்பார். அடித்து முடித்து அவர் சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது சவுரிமுத்து ஒரு டிபன் டப்பாவை ஹேண்டில்பாரில் மாட்டிவிடுவார்.

"வூட்ல அக்காவுக்கு சார். சூடு ஆறங்காட்டியும் குடுத்துரு."

ஜெபசீலன் அதை ஒருநாளும் தொட்டதில்லை. இறைச்சியைப் பாலில் போடுகிற ஜனங்கள் மெஷினை மட்டும் எப்படி ஒழுங்காகச் செய்கிறார்கள் என்பது அவருடைய தீராத வியப்பு. அவருடைய மனைவி தபீதாளுக்கு அந்த வியப்பு கிடையாது. சேலையூரில், கேம்ப் ரோட்டை ஒட்டிய காலனியில் அவர்களுடைய வீடு. சைக்கிள் மணி கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வருவாள். பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, டப்பாவிலிருந்தே ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுவாள். தட்டில் போட்டுக்கொள்ள மாட்டாள். அந்தக் கொஞ்ச நேரம் அவளிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டாலும் பதில் வராது.

இதற்கிடையில் அடையாள அட்டை தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அட்டையைப் பார்த்து ரேஷன் கார்டில் எழுதினார்கள். ரேஷன் கார்டைப் பார்த்துச் சபைப் பதிவில் எழுதினார்கள். ஒரு டிசம்பரில், சபைச் செயலாளர் வேதசிரோமணி வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணா, சபையோட கிறிஸ்மஸ் அன்பின் விருந்து இந்த வருஷம் உங்க பொறுப்பு."

"தம்பி, எனக்குச் சமைக்கத் தெரியாது. நான் டைப்பிஸ்ட்."

வேதசிரோமணி கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? வெள்ளைக்காரனுக்கு ஆக்கிப் போடற கை. இந்தத் தாழ்மை நமக்கு வரணும்."

ஜெபசீலன் பொய் சொல்லிப் பெரிய மனிதர் ஆகவில்லை. அவர் போன இடமெல்லாம் உண்மையைத்தான் சொன்னார். மறுத்த ஒவ்வொரு முறையும் அவருடைய புகழ் ஒரு சுற்றுப் பருத்தது. விருந்துக்குத் தபீதாள் ஓர் அண்டா கறிக்குழம்பு வைத்து அனுப்புவாள். வெங்காயம் உரித்ததும் மசாலா அரைத்ததும் புகையில் நின்றதும் அவள். பந்தியில், "அண்ணன் கைப்பக்குவமே தனி" என்பார்கள். அவள் கொடுத்தனுப்பிய வஞ்சிரக் குழம்பு, அவள் சுட்ட அதிரசம், அவள் ஊறுகாய் எல்லாம் அண்ணன் கைப்பக்குவம். "உனக்கென்னடி, குக்கையே கட்டிக்கிட்ட" என்று பெண்கள் அவள் தோளை இடிப்பார்கள். முதல் சில வருஷம் தபீதாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பதை நிறுத்தினாள். மறுப்பதை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தாள். ஜெபசீலன் இதைக் கவனித்தார். ஆனால் அவர் எதையும் தாமதமாகக் கவனிக்கிறவர்.

இல்லம் மூடிய அடுத்த வருஷம், ஆடி மாதத்தில், தபீதாளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. திருச்சியில் கட்டிக் கொடுத்திருந்த மகள் வந்து இருந்து பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளை நினைத்துத் திரும்பிப் போனாள். அதற்கப்புறம்தான் தகராறு ஆரம்பித்தது. தபீதாளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "காயம் ஆறிடுச்சு. உள்ளே ஒண்ணும் கோளாறு இல்ல. சாப்பிட்டாத்தான் தேறுவாங்க. எது இறங்குதோ அதைக் குடுங்க. வர்ற திங்கக்கிழமை வரைக்கும் இப்படியே இருந்தா மறுபடி அட்மிட் பண்ணி டிரிப்ஸ்தான் ஏத்தணும்."

எது இறங்குதோ என்பதுதான் கேள்வி. காலனியும் சபையும் சும்மா இருக்கவில்லை. பெண்கள் சங்கத்திலிருந்து கஞ்சி வந்தது. வேதசிரோமணி வீட்டிலிருந்து நெஞ்செலும்பு சூப் வந்தது. அடுத்த வீட்டு காமு மாமி மிளகு ரசமும் குழைந்த சாதமும் மதிலுக்கு மேலாகக் கொடுத்தாள். தபீதாள் எல்லாவற்றுக்கும் நன்றி சொன்னாள், இரண்டு வாய் வைத்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வளையல் முழங்கைவரை போய்விட்டு வந்தது. தெய்வாதீனமாக ஜெபசீலனுக்கு இருந்த ஒரே திறமை பாத்திரம் கழுவுவது. மிலிட்டரி ஆஸ்பத்திரிபோல வரிசையாகக் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்தார்.

வியாழக்கிழமை மத்தியானம், படுக்கையிலிருந்து அந்த அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்த தபீதாள், "அது யார் வீட்டுத் தூக்கு?" என்றாள்.

"பெண்கள் சங்கத்தது."

"அந்தப் பித்தளை அடுக்கு மாமியுதா?"

"ஆமா. சாயங்காலம் எல்லாத்தையும் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடறேன்."

"காலியாவா?" படுத்திருந்தவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். "காலிப் பாத்திரத்தையா குடுப்பாங்க? அதுல ஏதாவது பண்ணிப் போட்டுத்தாங்க குடுக்கணும். சங்கத்துக்கு என்ன பண்றது? மாமிக்கு அசைவம் ஆகாது. சூப்பு குடுத்தவங்களுக்கு..." மூச்சு வாங்கியது. படுத்துவிட்டாள்.

ஜெபசீலன் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு நாளும் அது அவருக்குப் பளபளவென்று பாத்திரமாகத்தான் தெரிந்தது. படுக்கையிலிருந்து பார்க்கிறவளுக்கு அது அடுத்த மாதத்துச் சமையலாகத் தெரிந்திருக்கிறது. வருகிற ஒவ்வொரு கஞ்சியும் திரும்பி வைக்கவேண்டிய ஒரு குழம்பு. எப்படி இறங்கும்?

அவளே மறுபடி பேசினாள்.

"சவுரிமுத்து டப்பா ஒண்ணுதாங்க நான் கழுவிக் காலியாத் திருப்பிக் குடுத்தது. ஆபீஸ் டப்பாதானே, அதுல என்ன போடறது? அந்த மக்ரோனிக்கு நான் ஒண்ணும் ஆக்கவேண்டியதில்ல. வரும், தின்பேன், அவ்வளவுதான்." கண்ணை மூடிக்கொண்டாள். "அது இருந்தா ரெண்டு வாய் சாப்பிடுவேன்னு தோணுது."

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பண்டம் அது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தை. சவுரிமுத்து இப்போது கன்டோன்மென்ட் பக்கத்தில் ஆட்டுக்கால் சூப் வண்டி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமைகளில் சந்தை வாசலில் நிற்பார். பழைய டைப்ரைட்டர், பழைய மின்விசிறி, பழைய கட்டில் எல்லாம் விற்கிற கூட்டத்தைத் தாண்டி ஜெபசீலன் அவரைக் கண்டுபிடித்தார்.

"இன்னா சார், இளைச்சிட்ட! அக்கா எப்டி கீது?"

"சாப்பாடே இறங்கல சவுரிமுத்து. உன் சனிக்கிழமை மக்ரோனி வேணும்னு கேட்டா."

சவுரிமுத்து அகப்பையைக் கீழே வைத்தார். "அக்கா கேட்டுச்சா? இதோ நாளைக்கே வந்து..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அட, பேஜாராப் பூட்ச்சே. நாளைக்கி திரிசூலத்துல கல்யாண ஆர்டர் எடுத்துகினேன் சார். அட்வான்சும் வாங்கிக்கினேன். ஞாயித்துக்கெழம வரட்டா?"

ஞாயிற்றுக்கிழமை என்றால் திங்கட்கிழமைக்கு முந்தின நாள். அதுவரை அந்த ஆசை நிற்குமா என்று ஜெபசீலனுக்குத் தெரியவில்லை.

"வேண்டாம். நானே செய்யறேன். எப்படின்னு சொல்லு."

சவுரிமுத்து சிரித்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எதிரில் நின்றவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினார்.

"சரி, கேட்டுக்க சார். ஒரு கஸ்டமும் இல்ல. வெங்காயம் பூண்டு வதக்கு. கொத்துக்கறி போடு, தண்ணி சுண்டட்டும். அந்தாண்ட அடுப்புல மக்ரோனி உப்புத் தண்ணில வெந்துகினு இருக்கட்டும். வெண்ணெய உருக்கி மைதா போட்டு பச்ச வாசன போற வரிக்கும் வறு. அப்பால பால ஊத்து, மொளவு தட்டிப் போடு, கீரையப் போடு. அல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிப் பொரட்டு. தீந்துது மேட்டரு."

"க்ரீம் எப்ப ஊத்தணும்?"

"எந்தக் க்ரீம்?"

"நான் டைப் அடிச்சேனே. வாரா வாரம் அடிச்சேனே, இன் க்ரீம்னு."

"அது நீ அடிச்சது சார்" என்றார் சவுரிமுத்து பரிவோடு. "நான் ஊத்துனது ஆவின் பாலு."

இந்த அதிர்ச்சியில் ஜெபசீலன் கீரையைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டார். மறந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. கேட்க வேண்டிய தேவையே அவருக்குத் தோன்றவில்லை. ஸ்பினாச் என்று அடித்தவர் அவர்தானே? ஸ்பினாச் என்றால் அகராதிப்படி பசலை. சந்தையிலேயே ஒரு கட்டுக் கொடிப்பசலை வாங்கினார். தாம்பரம் மளிகைக் கடையில் மக்ரோனி பாக்கெட் கிடைத்தது. மறுநாள் காலை கறிக்கடையில் கொத்தித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். தோற்றாலும் இன்னொருமுறை போட்டுப் பார்க்கலாம் என்று எல்லாவற்றையும் கூடுதலாகவே வாங்கினார். டைப்பிஸ்ட் என்பவன் கார்பன் வைக்காமல் எதையும் தொடங்குவதில்லை.

சனிக்கிழமை மாலை, வெயில் தாழ ஆரம்பித்ததும், அறுபதை நெருங்குகிற ஜெபசீலன் தன் வீட்டுச் சமையலறைக்குள் ஒரு வாடகைக்காரரைப்போல நுழைந்தார். தீப்பெட்டி எங்கே இருக்கும் என்று தேடினார். கூடத்துக் கட்டிலிலிருந்து தபீதாள் சத்தத்தை வைத்தே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தீப்பெட்டி ஜன்னல் மேல. மைதா இருக்கற டப்பா ரெண்டாவது தட்டுல, பச்சை மூடி. முதல்ல வெங்காயத்த..."

ஜெபசீலன் வாசற்படியில் வந்து நின்றார். கையில் கத்தி இருந்தது. அதை எப்படிப் பிடிப்பது என்பது இன்னும் தீர்மானமாகவில்லை.

"தபீதா, நீ ஒண்ணும் சொல்லாத."

"ஏங்க?"

"நீ சொல்லிச் சொல்லி நான் பண்ணினா அது உன் சமையலாயிடும். உன் கைக்குப் பதிலா என் கை, அவ்வளவுதான். மறுபடி நீயே ஆக்கி நீயே சாப்பிட்ட மாதிரி. பேசாம படு."

அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, வராத விருந்துக்குக் காத்திருக்கிறவளைப்போல உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்தாள்.

வெங்காயம் நறுக்குவதில் அழுகையைத் தவிர வேறு சேதம் இல்லை. கொத்துக்கறி தானாகவே வெந்தது. அதற்கு இவருடைய உதவி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. மக்ரோனி பொங்கி அடுப்பை அணைத்தது. மறுபடி பற்ற வைத்தார். இந்தச் சமயத்தில் மதில் ஓரமாகத் துணி எடுக்க வந்த காமு மாமி சமையலறை ஜன்னலுக்கு நேராக நின்றுவிட்டாள்.

"ஜெபசீலன் சார்! நீங்களே இறங்கிட்டேளா? இத்தனை வருஷமா பக்கத்துல இருந்தும் ஒருநாள்கூடப் பார்க்கக் குடுத்துவெக்கலை. நெடி மட்டும் இங்கே வராம இருந்தா நின்னு கத்துப்பேன்." நெடி அங்கே தாராளமாக வந்துகொண்டிருந்தது. மாமி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்று கற்றுக்கொண்டாள்.

வெண்ணெயில் மைதாவைப் போட்டு வறுத்த ஜெபசீலன் பாலை மொத்தமாகக் கவிழ்த்தார். மைதா உடனே கோலிகுண்டு கோலிகுண்டாகத் திரண்டு மிதந்தது.

"ஓகோ, கட்டி கட்டியாத்தான் விடணுமா?" என்றாள் மாமி.

"தெரியாது மாமி." அவர் சுற்றுமுற்றும் பார்த்து, பருப்பு மத்தை எடுத்துக் கடைய ஆரம்பித்தார்.

"மத்தா! இதை எந்தப் பத்திரிகையிலும் போடலையே! வெள்ளைக்காரா கூட மத்துதான் வெச்சிருக்காளா?"

"எனக்கு நிஜமாவே தெரியாது மாமி."

"சொல்ல மாட்டேளே. தொழில் ரகசியம்."

கூடத்திலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. இருமலாகவும் இருக்கலாம்.

கடைந்த கடையில் சாஸ் ஒருவழியாக வழிக்கு வந்தது. பசலையை அரிந்து போட்டார், எல்லாவற்றையும் கொட்டிப் புரட்டினார், தட்டில் வைத்துக் கொண்டுபோனார். தபீதாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள். ஸ்பூனைத் தட்டிலேயே வைத்தாள்.

"நல்லா இருக்குங்க."

அவள் 'நல்லா இருக்கு' என்று சொல்கிற விதங்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். நாத்தனார் வாங்கி வந்த சேலையைப் பார்த்து அவள் சொன்ன 'நல்லா இருக்கு' இது.

"என்ன குறை? சொல்லு."

"சொல்லமாட்டேன். நீங்கதானே பேசக் கூடாதுன்னீங்க." அவள் உதட்டோரத்தில் பழைய தபீதாள் ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். தட்டு அப்படியே இருந்தது.

ஜெபசீலன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பண்டத்தை வாயில் வைத்தார். கொழகொழவென்றிருந்தது. வெண்டைக்காயைப் பாலில் கரைத்த மாதிரி. இதற்காக ஒருத்தி வாரம் முழுக்கக் காத்திருக்க மாட்டாள். அந்தப் பழைய மக்ரோனி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தார். ருசியே தெரியாதவருக்கு ருசி எப்படி ஞாபகம் வரும்? கண்ணை மூடினால் அவருடைய மேஜைதான் வந்தது. டைப்ரைட்டர். அதற்கு மேலே ஜன்னல். சனிக்கிழமை சாயங்காலம் தட்ட உட்காரும்போதெல்லாம் டைப்ரைட்டர்மேல் பொடிப் பொடியாகப் பச்சையாக ஏதோ உதிர்ந்து கிடக்கும். ஊதித் தள்ளிவிட்டுத்தான் காகிதத்தைச் செருக வேண்டும்.

எங்கிருந்து உதிரும்? ஜன்னலுக்கு வெளியே சவுரிமுத்து துரட்டியால் கிளையை வளைத்து ஒடித்துக்கொண்டிருப்பார். அவர் தோட்டக்காரர் பதவிக்குச் செய்த ஒரே மரியாதை அது: பின்பக்கம் ஒரு கொம்பை நட்டு, மரமாக்கி வைத்திருந்தார்.

முருங்கை.

பதினேழு வருஷம், கண்ணெதிரே முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டே ஸ்பினாச், ஸ்பினாச் என்று டைப் அடித்திருக்கிறார். க்ரீம் இல்லாத க்ரீம், பசலை இல்லாத பசலை. அட்டையில் சமையற்காரர் என்று போட்டவர்களை இத்தனை காலம் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு இது கொஞ்சம் உறைத்தது.

ஜெபசீலன் மதிலுக்குப் போனார். காமு மாமி வீட்டு முருங்கையின் ஒரு கிளை மதிலைத் தாண்டி இந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. மாமி உள்ளே விளக்கேற்றத் திரியைத் திரித்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, கொஞ்சம் முருங்கைக் கீரை வேணும்."

"விளக்கு வெக்கற நேரத்துல கீரை பறிக்கப்படாதே சார்." மாமி எட்டிப் பார்த்தாள். இவர் முகத்தையும் கையில் நிறைந்திருந்த தட்டையும் பார்த்தாள். "தபீதாவுக்கா?"

"ஆமா."

"இன்னும் ஏத்தலை. ரெண்டு நிமிஷம் ஆகும். உங்க பக்கம் வந்த கிளை உங்களோடது. நான் இந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

துரட்டி தேட நேரமில்லை. ஸ்டூல் போட்டு ஏறிக் கையாலேயே ஒடித்தார். உருவத் தெரியவில்லை, ஒவ்வோர் இலையாகக் கிள்ளினார். கூடுதலாக வாங்கியதில் மிச்சமிருந்த கறி, மிச்சமிருந்த மக்ரோனி. இந்தத் தடவை பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே கிளறினார். யார் சொல்லியும் அல்ல. முன்பு கட்டி கட்டியாகப் போனதைப் பார்த்த பயத்தில். கீரையைப் போட்டதும் எழுந்த வாசனை கூடம்வரை போயிருக்க வேண்டும். கட்டில் கிறீச்சிட்டது.

தட்டில் போடப் போனவர் நிறுத்தினார். பரண் மூலையிலிருந்து பழைய டிபன் டப்பாவை எடுத்தார். இல்லம் மூடிய கடைசி சனிக்கிழமையில் வந்து, திருப்பிக் கொடுக்க இடமில்லாமல் வீட்டோடு தங்கிப்போன டப்பா. அதில் போட்டு, ஒரு ஸ்பூனைச் செருகி, அவள் கையில் கொடுத்தார்.

தபீதாள் கட்டிலை விட்டு எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து போய்ப் பின்கட்டுப் படியில் உட்கார்ந்தாள். சாப்பிட ஆரம்பித்தாள். அவர் பின்னால் நின்றுகொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் வராது என்பது அவருக்குத் தெரியும். மாமி வீட்டில் விளக்கு எரிந்தது. கேம்ப் ரோட்டில் ஒரு பஸ் போயிற்று.

"உப்பு கம்மி" என்றாள் தபீதாள், பாதி டப்பாவில்.

"போடட்டுமா?"

"வேணாம். இது இப்படியே இருக்கட்டும்." கடைசிவரை சாப்பிட்டாள். ஸ்பூனால் டப்பாவின் விளிம்பைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் ஜெபசீலன் முகத்தைத் திருப்பிக்கொண்டு முருங்கைக் கிளையைப் பார்த்தார். மாமி காரணம் கேட்டிருந்தால் வெங்காயம் என்று சொல்லியிருப்பார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் வேதசிரோமணியும் சங்கத்துப் பெண்களும் வந்தார்கள். தபீதாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"நேத்து இவரு எனக்குச் சமைச்சுப் போட்டாரு" என்றாள். அவளே கேட்டிராத ஒரு பெருமை குரலில் இருந்தது.

யாரும் ஆச்சரியப்படவில்லை. "அண்ணனுக்கு அதென்ன பெரிய விஷயம்? கைவந்த தொழில்" என்றார் வேதசிரோமணி.

ஜெபசீலன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தம்பி, இத்தனை வருஷமா அன்பின் விருந்துக்கு வந்த குழம்பு, ஊறுகாய், அதிரசம் எல்லாம் இவ செஞ்சது. நான் ஒரு கரண்டிகூடப் பிடிச்சதில்ல. நேத்து சாயங்காலம்தான் முதல் தடவை."

வேதசிரோமணி கண்கலங்கிப்போனார். "கேட்டீங்களாம்மா? மனைவிக்கு இவ்வளவு கனம் கொடுக்கற புருஷன் எத்தனை பேருக்கு வாய்க்கும்!"

தபீதாள் தையல் போட்ட இடம் வலிக்காமலிருக்க வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரொம்ப நேரம் சிரித்தாள். பல வருஷத்துப் பாக்கி அதில் இருந்தது.

திங்கட்கிழமை டாக்டர் டிரிப்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடையாள அட்டையைத் திருத்தச் சொல்லிக் கேட்க இப்போது கம்பெனியிலும் ஆள் இல்லை. கேட்கிற எண்ணம் ஜெபசீலனுக்கும் இல்லை. அன்று சாயங்காலம் அவர் மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தார். சங்கத்துத் தூக்கிலும் வேதசிரோமணி வீட்டுப் பாத்திரத்திலும் மக்ரோனியைப் போட்டார். அசைவம் ஆகாத காமு மாமியின் பித்தளை அடுக்கில் மட்டும் அவளுடைய மரத்துக் கீரையையே கிள்ளி, ஆய்ந்து, நிரப்பினார். பிறகு எல்லாவற்றையும் அவரவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், ஒன்றுகூடக் காலியாக இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.